மடியில் கனம்

கைத்துப்பாக்கியை ஊரார் பார்க்கும்படி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதா, சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடப்பதா? இப்படியொரு கேள்வியை ஒரு பெரிய தேசத்தில் படித்தவர்களும், குழந்தை குட்டி உள்ளவர்களும், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் கூடி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்பவன் கொள்ளைக்காரன் அல்ல. கொள்ளைக்காரனுக்கு இந்தச் சந்தேகமே எழுவதில்லை. காரியம் ஆகும்வரை மறைத்து வைப்பான். காரியத்தின்போது எடுத்துக் காட்டுவான். அவனுக்கு இரண்டும் தொழில். சட்டத்துக்குப் பயந்த, வரி கட்டுகிற, அடுத்த வீட்டுக்காரனுக்கு வணக்கம் சொல்லுகிற நல்ல மனிதன்தான் அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்கிறான். நல்ல மனிதர்கள் மனதாரக் கேட்கிற கேள்வியைப் பரிகசிக்கக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியே தப்பு என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பத்தில் தாட்சண்யம் பார்த்து வாயை மூடிக்கொள்ளவும் கூடாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமானபேர் இன்று அந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், டெக்ஸாஸில் பத்து வருஷமாக உத்தியோகம் பார்க்கிறவர், என் கதைகளைப் படிக்கிறவர், எனக்கு எழுதுகிறார்: "ஐயா, ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். வாங்கலாமா என்று கேட்கவில்லை. வெளியே தெரிய வைத்துக்கொள்வதா, தெரியாமல் வைத்துக்கொள்வதா என்பதில்தான் குழப்பம். தங்கள் அபிப்பிராயம் என்ன?"

கதை எழுதுகிறவனிடம் இதைக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். மனிதன் எதைக் காட்டுகிறான், எதை மறைக்கிறான் என்பதைத் தவிரக் கதைக்காரனுக்கு வேறென்ன விஷயம் இருக்கிறது? ஆகவே அந்த அன்பருக்குத் தனியாக எழுதாமல் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கட்சிக்காரர்களும் சொல்லுவதை அவர்கள் சொல்லுகிறபடியே கேட்டுக்கொள்வோம். எதிராளியின் வாதத்தைப் பாதியாக வெட்டிவிட்டு ஜெயிப்பது பேடித்தனம்.

தெரிய வைக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்லுகிறார்கள்: திருடன் முட்டாள் அல்ல. இடுப்பில் துப்பாக்கி தெரிந்தால் வேறு ஆளைப் பார்த்துப் போவான். 'நாய் ஜாக்கிரதை' என்று வாசலில் பலகை மாட்டுவதில்லையா? ஆபத்து வந்தால் சட்டையைத் தூக்கித் துழாவ வேண்டியதில்லை. கை போன இடத்தில் ஆயுதம் இருக்கும். அப்புறம், சட்டம் கொடுத்த உரிமையைத் திருட்டுச் சாமானைப் போல் ஏன் ஒளித்துக்கொள்ள வேண்டும்?

மறைத்து வைக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்லுகிறார்கள்: பைத்தியக்காரா, சுட வந்தவன் துப்பாக்கி தெரிகிற உன்னைத்தான் முதலில் சுடுவான். கூட்டத்தில் பின்னாலிருந்து எவனாவது உருவிக்கொண்டு ஓடுவான். அதற்குப் பயந்துதானே வெளியே தொங்குகிற உறைக்குத் தாழ்ப்பாள் மாதிரி பூட்டெல்லாம் வைத்திருக்கிறாய்? கடையில் குழந்தைகள் மிரளுகின்றன. அது மட்டுமல்ல, யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாத வரையில் திருடன் எல்லோரையும் கண்டு பயப்படுவான். ஒருவன் மறைத்து வைத்தால் பத்துப் பேருக்குக் காவல்.

இந்த மறைவு ஒரு பெரிய சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. கால்சட்டைக்கு உள்பக்கமாகச் செருகும் உறை. அதற்காக இடுப்பளவில் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கிய கால்சட்டை. மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. குனியும்போதும், அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டும்போதும் துணிக்கு மேல் ஆயுதத்தின் உருவம் புடைத்துத் தெரிந்துவிட்டால் அதற்கு 'பிரிண்டிங்' என்று பெயர். அது பெரிய மானக்கேடு. நம் பாட்டன்மார் வேட்டி மடியில் பணம் முடிந்துகொண்டு சந்தைக்குப் போன ஜாக்கிரதைதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று அவர்கள் சொன்னார்கள். இங்கே விசேஷம் என்னவென்றால், வழியில் பயம் என்று சொல்லி மடியில் கனத்தை ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றிய கனம் பயத்தைக் குறைத்ததா, கூட்டியதா என்பதுதான் விசாரிக்க வேண்டிய சங்கதி.

இரண்டு கட்சியும் ஓயாமல் பேசுவது திருடனைப் பற்றி. அவன் பார்த்தால் பயப்படுவானா, பார்க்காவிட்டால் பயப்படுவானா என்று. நான் கேட்கிறேன்: ஒரு நாளில் வழியில் எத்தனை திருடர்களைச் சந்திக்கிறோம்? காய்கறி நிறுத்துப் போடுகிறவள், பஸ்ஸுக்கு நிற்கிற கிழவர், பள்ளிக்கூடத்து வாசலில் குழந்தைக்காகக் காத்திருக்கும் தாய் - இவர்களைத்தானே தினமும் சந்திக்கிறோம்? இடுப்பிலே இருக்கிற துப்பாக்கியும் தினமும் இவர்களைத்தான் சந்திக்கிறது. அதை வெளியே வைத்தால் இவர்களை மிரட்டுகிறோம். உள்ளே வைத்தால் இவர்களை ஏமாற்றுகிறோம். இவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 'உன்னைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று முகத்துக்கு நேரே சொல்லுவது ஒரு கட்சி. மனசுக்குள் சொல்லிக்கொண்டு முகத்தில் புன்னகை புரிவது இன்னொரு கட்சி. இதில் எது மரியாதை என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?

மரியாதை என்பது காலத்துக்குக் காலம் மாறியும் இருக்கிறது. இது அந்த நாட்டின் சரித்திரத்திலேயே உள்ள வேடிக்கை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தம் அவர்கள் அரசியல் சட்டத்தில் 1791இல் ஏறியது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1813இல், கென்டக்கியும் லூயிஸியானாவும் ஆயுதத்தை மறைத்து வைத்துக்கொள்வதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டன. ஜார்ஜியா மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1846இல், மறைத்து வைப்பதைத் தடுக்கலாம், வெளிப்படையாகத் தாங்குவதைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 1850இல் லூயிஸியானா நீதிமன்றமும் அதே பாட்டைத்தான் பாடியது. அன்றைய கொள்கை இதுதான்: மானமுள்ளவன் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வான், மறைத்து வைப்பவன் முதுகில் குத்தப் போகிறவன்.

நூறு வருஷத்துக்கு மேலே போனதும் இந்தத் தர்மம் அப்படியே தலைகீழாயிற்று. 1987இல் ஃப்ளோரிடா, கேட்டவர்களில் தகுதியுள்ள எவருக்கும் மறைத்து வைக்க உரிமம் என்று சட்டம் செய்தது. வெளியே தெரிந்தால் குற்றம் என்றும் வைத்தது. 2025 செப்டம்பரில்தான் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இல்லினாய்ஸ் 2013இல் செய்த சட்டமும் மறைவுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. நம் அன்பர் வசிக்கும் டெக்ஸாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1871இல் பொது இடத்தில் கைத்துப்பாக்கி தாங்குவதைத் தடுத்த மாநிலம் அது. 1995இல் உரிமத்தோடு மறைத்து வைக்கலாம் என்றது. 2016 ஜனவரியிலிருந்து உரிமத்தோடு வெளியேயும் தொங்கவிடலாம் என்றது. 2021 செப்டம்பரிலிருந்து உரிமமே வேண்டாம் என்றது. 2024க்குள் இப்படி உரிமம் வேண்டாம் என்று சொன்ன மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. ஒரு நூற்றாண்டில் கொலைகாரனின் லட்சணமாயிருந்தது மறு நூற்றாண்டில் கனவானின் நாசூக்காகிவிட்டது!

"அப்படியானால் பழைய மேற்கத்திக் காலம்?" என்று சினிமாப் பார்த்தவர்கள் கேட்பார்கள். குதிரை, தொப்பி, இரண்டு இடுப்பிலும் இரண்டு துப்பாக்கி! அந்தப் படங்களில் நூறு தடவை பார்த்த சண்டை அரிஸோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26இல் நடந்தது. ஊருக்குள் வருகிறவன் தன் ஆயுதத்தை வந்ததுமே ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதே வருஷம் அந்த ஊர் சட்டம் செய்திருந்தது. அந்தச் சட்டத்தை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கப் போலீஸ் தலைவர் வர்ஜில் ஏர்ப் தம் சகோதரர்களோடு புறப்பட்டுப் போனார். சுமார் முப்பது வினாடிகளில் மூன்று பேர் செத்தார்கள். நிஜமான மேற்கத்தி ஊரில், நிஜமாகவே ஆபத்துக்கு நடுவே வாழ்ந்தவர்கள், ஊருக்குள்ளே வெளியிலும் வேண்டாம், மறைவிலும் வேண்டாம் என்றுதான் முடிவு செய்தார்கள். சண்டையைப் படம் பிடித்தவர்கள் சட்டத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

இன்றைய நாசூக்குக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டு 3இல் டெக்ஸாஸின் எல் பாஸோ நகரில் வால்மார்ட் கடைக்குள் ஒருவன் சுட்டான். 23 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் அந்தக் கம்பெனி, தயவுசெய்து எங்கள் கடைகளுக்குள் துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டுவராதீர்கள் என்று வாடிக்கைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. உரிமத்தோடு மறைத்துக் கொண்டுவருகிறவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. வியாபாரி வாடிக்கைக்காரனின் பீதியைப் பார்ப்பான். ஆனால் அந்த வேண்டுகோளின் பொருளைக் கவனியுங்கள். துப்பாக்கி இருந்தால் பரவாயில்லை. எங்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பதுதானே? ஒரு சமுதாயம் தன் பயத்தை ஒழிக்க முடியாதபோது, அதற்குச் சட்டை போட்டு மூடிவிடுகிறது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம். தெரிய வைப்பதா மறைத்து வைப்பதா என்று உட்கார்ந்து யோசிக்கும் வசதியே அங்கே எல்லாருக்கும் இல்லை. ஏட்டில் சட்டம் எல்லாருக்கும் ஒன்று. தெருவில் உரிமை கொடுப்பது சட்டமல்ல, பார்க்கிறவனின் கண்.

1967ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கறுப்புச் சிறுத்தைகள் என்ற கட்சியினர், போலீஸார் தம் ஜனங்களை நடத்தும் விதத்தைக் கண்காணிக்க, குண்டு போட்ட துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்திக்கொண்டு ரோந்து வந்தார்கள். அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. அதைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. மே 2ஆம் தேதி அவர்களில் சுமார் முப்பது பேர் துப்பாக்கியோடு ஸாக்ரமெண்டோவில் சட்டசபைக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். ஜூலையில் அந்த மசோதா சட்டமாயிற்று. கையெழுத்திட்ட கவர்னர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அதே ரீகன்! வெள்ளைக்காரனின் இடுப்பில் சுதந்திரமாக இருந்தது, கறுப்பனின் தோளில் ஏறியதும் கலகமாகிவிட்டது.

"அது பழைய கதை" என்பார்கள். 2016 ஜூலையில் இரண்டே நாள்களில் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்லுகிறேன்.

ஜூலை 6. மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்துக்கு அருகே ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர் காரில் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் உத்தியோகம். போலீஸ்காரர் காரை நிறுத்தினார். காஸ்டிலிடம் மறைத்து வைக்க உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. மரியாதையாக, தாமாகவே, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று சொன்னார். அடுத்த சில வினாடிகளில் போலீஸ்காரர் ஏழு தடவை சுட்டார். காரில் அவருடைய தோழியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். மறு வருஷம் ஜூரிகள் அந்தப் போலீஸ்காரர் குற்றவாளி அல்ல என்று விட்டுவிட்டார்கள். மறைத்து வைத்தவர், மறைக்காமல் உண்மையையும் சொன்னவர், செத்தார்.

ஜூலை 7. டெக்ஸாஸின் டல்லாஸ் நகரில் இத்தகைய சாவுகளைக் கண்டித்து ஓர் ஊர்வலம். மார்க் ஹ்யூஸ் என்ற கறுப்பர் சட்டப்படித் தம் ரைபிளை எல்லோருக்கும் தெரியத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் நடந்தார். எங்கிருந்தோ ஒருவன் போலீஸார்மேல் சுட ஆரம்பித்து ஐந்து பேரைக் கொன்றான். சற்று நேரத்தில் ஹ்யூஸின் படத்தைப் போலீஸாரே உலகம் பூராவும் பரப்பி, 'சந்தேகத்துக்குரியவர்' என்று போட்டார்கள். அவர் ரைபிளை ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்து, விசாரணைக்கு உட்பட்டு, நிரபராதி என்று தேற வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தது பாக்கியம்.

ஒருவர் மறைத்தார், ஒருவர் காட்டினார். ஒருவருக்குச் சாவு, ஒருவருக்குச் சாவின் வாசல். இந்த இரண்டு பேரிடம் போய், "தெரிய வைப்பது நல்லதா, மறைத்து வைப்பது நல்லதா?" என்று கேட்டால் அந்தக் கேள்வி எவ்வளவு ஆபாசமாக ஒலிக்கும்! 2014இல் ஓஹையோவின் கிளீவ்லண்டில் டாமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தான். பெரியவர்கள் நிஜத் துப்பாக்கியை வெளியே தொங்கவிட்டு நடக்கச் சட்டம் அனுமதித்த மாநிலம் அது.

இதிலிருந்து எனக்குப் புலப்படுவது ஒன்று. யாரைக் கண்டால் ஊர் பயப்படுவதில்லையோ, அவனுக்குத்தான் இந்தத் தேர்வு செல்லும். யாரைக் கண்டு ஊர் பயப்படவில்லையோ, அவனுக்குத்தான் ஊரிடமிருந்து ஆபத்தும் குறைவு. ஆக, துப்பாக்கியைப் பயமில்லாமல் தாங்கக் கூடியவனுக்கு அதன் அவசியம் குறைவு. மெய்யாகவே பயப்படக் காரணமுள்ளவன் அதைத் தாங்கினால் அதுவே அவனுக்கு எமன். ஒரு பாதுகாப்புச் சாதனம் யாருக்குத் தேவையோ அவனையே கொல்லுமானால் அதற்குப் பாதுகாப்பு என்று எந்த அகராதியில் பொருள்?

இப்போது நம் டெக்ஸாஸ் அன்பரிடம் வருகிறேன். ஐயா, தங்களைப் பார்க்கிற கண்கள் தங்களை என்னவென்று பார்க்கும்? 2001 செப்டம்பர் 15ஆம் தேதி அரிஸோனாவின் மேஸா நகரில் பல்பீர் சிங் ஸோதி என்ற சீக்கியர் தம் பெட்ரோல் கடை வாசலில் நின்றிருந்தார். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்தவன் அவரை வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டுக் கொன்றான். 2017 பிப்ரவரி 22இல் கான்ஸாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில், வேலை முடிந்து ஒரு விடுதியில் நண்பரோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீநிவாஸ் குச்சிபொட்லா என்ற இளம் என்ஜினியரை, 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்தியபடி ஒருவன் சுட்டுக் கொன்றான். "இதற்காகத்தான் நான் வாங்குகிறேன்" என்று தாங்கள் சொல்லுவீர்கள். தங்கள் பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், அது மெய். ஆனால் கறுப்பும் பழுப்புமான ஒரு முகத்தை வெறுங்கையோடு பார்த்தபோதே எதிரி என்று கருதிய கண், அதே முகத்தை இடுப்பில் துப்பாக்கியோடு பார்த்தால் என்னவென்று கருதும்? ஒலேத்தாவில் அந்தக் கொலைகாரனைத் துரத்திப் போனவர் ஒருவர் உண்டு. இயன் க்ரில்லட் என்ற வெள்ளைக்கார இளைஞர். அவரிடம் ஆயுதம் கிடையாது. குண்டு தீர்ந்துவிட்டதென்று எண்ணி எழுந்து ஓடினார், தீரவில்லை, கையிலும் மார்பிலும் காயம் பட்டார். அன்றிரவு நம்மவர்களுக்காக எழுந்து நின்றது, முன்பின் தெரியாத ஒரு மனிதனின் நெஞ்சு.

எதிர்க்கட்சியின் பலமான சாட்சியங்களையும் நான் மறைக்கப் போவதில்லை. 1991 அக்டோபர் 16இல் டெக்ஸாஸின் கிலீன் நகரில் ஓர் உணவு விடுதியில் ஒருவன் 23 பேரைக் கொன்றான். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸுஸன்னா ஹப் என்ற பெண்மணியின் தாயும் தகப்பனாரும் அவர் கண் முன்னே மாண்டார்கள். அவரிடம் துப்பாக்கி உண்டு. மறைத்து எடுத்துப் போவது சட்டவிரோதம் என்பதால் காரில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன சாட்சியம் 1995ஆம் வருஷச் சட்டத்துக்கு ஒரு முக்கியமான காரணம். அந்த அம்மாளின் துயரத்துக்கு முன்னால் தலை குனிகிறேன். 2022 ஜூலை 17இல் இண்டியானாவின் க்ரீன்வுட் நகரில் கடைத்தொகுதி ஒன்றில் ஒருவன் சுட ஆரம்பித்து மூன்று பேரைக் கொன்றபோது, மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் 22 வயது இளைஞர் ஒருவர் பதினைந்து வினாடிக்குள் அவனை வீழ்த்தினார். பல உயிர்கள் தப்பின. உண்மை. மறுக்க மாட்டேன்.

ஆனால் இவர்கள் சொல்லாத சாட்சியமும் உண்டு. 2021 ஜூன் 21இல் கொலராடோவின் ஆர்வாடாவில் ஒருவன் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான். ஜானி ஹர்லி என்பவர் தம்மிடமிருந்த மறைவான துப்பாக்கியோடு ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். வீரச் செயல்தான். பிறகு அவனுடைய ரைபிளைக் கையில் எடுத்தார். அந்நேரம் அங்கே வந்த இன்னொரு போலீஸ்காரர், கையில் ரைபிளோடு நிற்பவரைப் பார்த்தார்; சுட்டார். காப்பாற்றியவர் காப்பாற்ற வந்தவரால் செத்தார். இவர் கறுப்பரல்ல. துப்பாக்கிகள் வெளியே வந்த ஒரு நிமிஷத்தில் நல்லவன் நெற்றியில் நல்லவன் என்று எழுதியிருப்பதில்லை.

2011 ஜனவரி 8இல் அரிஸோனாவின் டூஸான் நகரில் காங்கிரஸ் அங்கத்தினர் கேப்ரியெல் கிஃபோர்ட்ஸைச் சுட்டு, ஆறு பேரையும் கொன்றவனைப் பிடித்தவர்கள் யார்? எழுபத்து நான்கு வயதான ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர், இன்னும் சிலர். எல்லாரும் வெறுங்கையர்கள். அவன் மாற்றிப் போட எடுத்த குண்டுத் தொகுதியை அந்தப் பெண்மணி பறித்தார். அருகிலிருந்த கடையிலிருந்து துப்பாக்கியோடு ஓடிவந்த ஓர் இளைஞர், கொலைகாரனிடமிருந்து பிடுங்கிய துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த நல்லவரைப் பார்த்து, அவரையே கொலைகாரன் என்று எண்ணிவிட்டார். சுடவில்லை, நூலிழையில் தப்பியது. அந்த நூலிழையை நம்பித்தான் நாளும் தெருவில் நடக்கச் சொல்லுகிறார்கள்.

தெருவைவிட வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறேன். தெருவுக்கென்று வாங்கிய துப்பாக்கி ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்குத்தானே திரும்பி வருகிறது? 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்! அந்த 27,300 பேரிடம் எந்தத் திருடனும் வரவில்லை. உத்தியோகம் போன ஒரு ராத்திரி, மனைவி பிரிந்து போன ஒரு ராத்திரி, பரீட்சையில் தேறாத மகனின் ஒரு ராத்திரி - அந்த ராத்திரியில் மேஜை இழுப்பறையில் அது இருந்தது. விடிந்திருந்தால் பலருக்கு மனம் மாறியிருக்கும். விடிய விடவில்லை அது. அந்த ராத்திரியில் உறை உள்பக்கத்து உறையா, வெளிப்பக்கத்து உறையா என்று யாராவது கேட்டார்களா?

"அப்படியானால் பயந்தவன் என்னதான் செய்வது? அஹிம்சை பேசிக்கொண்டு அடிபட்டுச் சாவதா?" என்று கேட்பீர்கள். பயப்பட எல்லாக் காரணமும் இருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுகிறேன். 1956 ஜனவரி 30ஆம் தேதி இரவு, அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும், தெய்வாதீனமாகக் காயமில்லை. வீட்டுக்காரருக்கு வயது 27. கறுப்பு ஜனங்கள் பஸ்ஸில் ஏறாமல் நடத்திய போராட்டத்துக்குத் தலைவர். பெயர் மார்ட்டின் லூதர் கிங். அவரும் மனிதர்தானே? மறைத்து வைத்துக்கொள்ள ஒரு துப்பாக்கிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார். வீடு குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட மனிதரைவிடத் தகுதியுள்ளவர் யார்? இல்லை என்று சொல்லிவிட்டார்கள்! எந்தக் கண் உரிமம் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அநியாயத்தை அல்ல; அதற்குப் பிறகு அவர் செய்ததை. சில காலம் அவர் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. காவலுக்கு வந்தவர்கள் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த ஒருவர் நாற்காலியில் உட்காரப் போய், அதில் கிடந்த துப்பாக்கியின்மேல் உட்கார இருந்தாராம். கிங் யோசித்தார். ஆயுதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, ஆயுதமில்லாத போராட்டத்துக்கு எப்படித் தலைமை தாங்குவது? மனைவியோடு கலந்து பேசினார். துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவுக்குப் பிறகு தம் பயம் குறைந்தது என்பது அவரே எழுதி வைத்திருக்கும் அநுபவம்.

"கடைசியில் அவரையும் சுட்டுத்தானே கொன்றார்கள்?" ஆம். 1968 ஏப்ரல் 4இல் மெம்ஃபிஸ் நகரில், எதிரே இருந்த கட்டடத்தில் ஒளிந்துகொண்டு ரைபிளால் சுட்டான் ஒருவன். கிங்கின் இடுப்பில் ஒன்றுக்கு இரண்டாகத் துப்பாக்கி தொங்கியிருந்தாலும் அந்தக் குண்டு நின்றிருக்காது. ஆனால் நடுவே கிடைத்த பன்னிரண்டு வருஷத்தை அவர் எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். எதிரே வருகிறவனை எதிரி என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் வாழ்ந்தார். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவரும் அவரோடு நடந்த வெறுங்கையர்களும் சாதித்ததில் நூற்றில் ஒரு பங்கை, அந்தத் தேசத்தின் இடுப்புகளில் தொங்குகிற அத்தனை துப்பாக்கிகளும் சாதிக்கவில்லை.

ஆகவே டெக்ஸாஸ் அன்பரே, தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது: வெளியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். வாங்கலாமா என்று கேட்கவில்லை என்று எழுதினீர்கள். கேட்டிருக்க வேண்டியது அதுதான். அதற்காக ஒதுக்கி வைத்த பணத்தில், இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் தெருவில் இடதுபக்கத்து வீட்டுக்காரரையும் வலதுபக்கத்து வீட்டுக்காரரையும் குடும்பத்தோடு சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பத்து வருஷமாய் அவர்கள் தங்கள் பெயரையாவது சரியாகச் சொல்லத் தெரிந்துகொண்டார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், சொல்லிக் கொடுங்கள். ஆபத்து என்று வருகிற நாளில் முதலில் ஓடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான். அன்றைக்குத் தங்களை அடையாளம் தெரிந்துகொண்டு ஓடி வர வேண்டாமா?